ரயில் வந்தால் ஒன்வே ஏன் போகிறது? சேலத்துத் தம்பி ஒருவருக்கு நீண்ட பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இது. உங்கள் அக்கா குடும்பம் கனடாவில் ஹாமில்டன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே தெருவிலேயே ஓடும் லைட் ரயில் வரப்போகிறது. அதோடு, இத்தனை வருடம் ஒன்வேயாக இருந்த பெரிய ரோட்டை இருவழியாக்கவும் முடிவு செய்திருக்கிறார்கள். "ரயிலுக்கு இடம் கொடுத்தாலே ரோடு சுருங்கும். அதில் எதிரும் புதிருமாக வண்டியை விட்டால் ஊர் நின்றுவிடாதா? நாளைக்கு சேலத்துக்கும் இப்படி ஒன்று வந்தால், செவ்வாய்ப்பேட்டையில் பெரியப்பாவின் கொலுசுப் பட்டறை இருக்கிற தெரு என்ன ஆகும்?"

நான் இருபது வருடத்துக்கு மேல் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வேலையில் இருந்தவன். சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவன். சுருக்கமான பதில்: வலது பக்கம் திரும்புவதை விட்டுக்கொடுக்க ஊர் தயாராக இருந்தால் நிற்காது. அதை விடமாட்டோம் என்றால் கட்டாயம் நிற்கும். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

முதலில் ஹாமில்டன். சேலத்துக்காரருக்கு அந்த ஊர் சுலபமாகப் புரியும். அதுவும் இரும்பு ஊர். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் நீளமாக ஒரு மேட்டு விளிம்பு. அங்கத்து ஆட்கள் அதை 'மலை' என்றே சொல்கிறார்கள். உயரம் நூறு மீட்டர் சொச்சம்தான், ஏற்காடு ஏறியவர் பார்த்தால் சிரிப்பார். 2021 கணக்குப்படி மக்கள்தொகை 5.69 லட்சம். நம் மாநகராட்சி 2011-லேயே 8.29 லட்சம்.

1956-ல் அந்த ஊரின் முக்கியத் தெருக்களை ஒன்வே ஆக்கினார்கள். மெயின் ஸ்ட்ரீட் கிழக்கே போக, அதற்கு இணையாக இருக்கும் கிங் ஸ்ட்ரீட் மேற்கே போக. சிக்னல்கள் வரிசையாகப் பச்சைக்கு மாறும். முதல் பச்சையில் புகுந்த கார் பிரேக்கே மிதிக்காமல் ஊரைத் தாண்டிவிடும். கார் ஓட்டுபவருக்கு இது சொர்க்கம். ரோட்டைக் கடக்கிற கிழவிக்கும் அங்கே கடை வைத்திருக்கிறவருக்கும் அப்படி இல்லை, ஊருக்கு நடுவே நெடுஞ்சாலை ஓடுகிற கதைதான்.

இப்போது வரும் ரயில் 14 கிலோமீட்டர், 17 நிறுத்தம். 2019 டிசம்பரில் மாகாண அரசு திட்டத்தையே ரத்து செய்தது. 2021-ல் மத்திய அரசும் மாகாண அரசும் ஆளுக்குப் பாதியாக 340 கோடி டாலர் தருவதாகச் சொன்ன பிறகு மறுபடி உயிர் வந்தது. ஊரின் நடுப்பகுதியில் தண்டவாளம் கிங் ஸ்ட்ரீட்டில்தான் போகிறது, போகவும் வரவும் இரண்டு தடமும் அதிலேயே. அப்படியானால் கிங்கில் கார்களுக்கு மிச்சமாகும் இடம் கொஞ்சம். இதுவரை கிங்கில் மேற்கே போன கார்கள் இனி எங்கே போகும்? பக்கத்திலிருக்கும் மெயினில்தான். அது கிழக்கு நோக்கிய ஒன்வே. ஆகவே அதை இருவழியாக்க வேண்டும். 2022-ல் நகரசபை அப்படியே தீர்மானம் போட்டது. அந்த ரோட்டில் நடந்து போனவர்கள் அடிபட்டுச் சாவது அதிகமாகிவிட்டது என்ற கோபமும் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தது.

ஆக, ரயிலும் இருவழியும் சேர்ந்து வருவதில் புதுமோகம் எதுவும் இல்லை. ஒன்வே என்பது எப்போதும் ஜோடியாக வேலை செய்யும் ஏற்பாடு. வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டால், மற்றது பழைய மாதிரி இழுக்குமா? நுகத்தடியையே மாற்றவேண்டும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஒரு தடத்தை இந்தத் தெருவிலும் இன்னொரு தடத்தை அந்தத் தெருவிலும் போட்டால் ஒன்வே ஒன்வேயாகவே இருக்குமே? செய்யலாம். ஹாமில்டனுக்குப் பக்கத்திலேயே கிச்சனர், வாட்டர்லூ என்ற இரட்டை ஊரில் 2019-ல் திறந்த லைட் ரயில் ஊர் நடுவில் சில இடங்களில் அப்படிப் பிரிந்துதான் ஓடுகிறது. ஆனால் ஏறி இறங்குகிறவர் பக்கம் நின்று பாருங்கள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கணக்கெடுப்பில் நின்றிருந்தபோது, பூக்கூடையோடு ஒரு அம்மா என் மேஜைக்கு வந்து, "ஏனுங்க, காலையில இங்கதானுங்க இறங்குனேன், அம்மாப்பேட்டைக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எங்க நிக்குமுங்க?" என்று கேட்டார். திரும்புகிற பஸ் அடுத்த தெருவில். நடுவே ஒரு சந்து, அதில் பாதிக்கு மேல் டூவீலர் நிறுத்தியிருந்தது. இறங்கின இடத்துக்கு எதிர்ப்பக்கமே திரும்பும் வண்டி கிடைக்கவேண்டும் என்பது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொதுவான விதி. ஒன்வே ஜோடி அதை உடைக்கிறது. அதனால் இரண்டு தடமும் ஒரே தெருவில் இருப்பதையே நான் ஆதரிப்பேன், அதற்காகப் பக்கத்துத் தெருவின் ஒன்வே போனாலும் சரி.

அப்புறம் வலது திருப்பம். இதுதான் முழு விஷயத்துக்கும் ஆணிவேர், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் இடது பக்கமாக ஓட்டுகிறோம். இடது பக்கம் திரும்புகிறவரால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. வலது பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் அத்தனை வண்டியையும் வெட்டிக்கொண்டு போகவேண்டும். நாலு பக்கமும் இருவழியாக இருக்கும் ஒரு சந்திப்பில், வண்டியும் வண்டியும் உரசக்கூடிய புள்ளிகள் 32 என்று கணக்கு. அதில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிறவை 16. மீதி, பிரியும் இடங்களும் சேரும் இடங்களும். அந்த 16-ல் 12 வலது திருப்பத்தால் மட்டுமே வருகிறது. நேரே போகிறவர்கள் ஒருவரையொருவர் வெட்டுவது வெறும் 4. வலது திருப்பம் இருப்பதால்தான் சிக்னலில் நாலு கட்டம் வைக்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் யாரும் நகராமல் சில விநாடி வீணாகும். உங்கள் கட்டம் வர மற்ற மூன்று கட்டம் முடியவேண்டும். சேலம் நாலு ரோடு சந்திப்பில் சாயங்காலம் நின்றவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒன்வே ஆக்கினால் இந்த வெட்டுப்புள்ளிகள் பெரும்பாலும் காணாமல் போகும், சிக்னல் இரண்டு கட்டத்தில் முடியும். ஆகவே ஒன்வே போட்ட அந்தக் காலத்து இன்ஜினியர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். சந்திப்பில் நின்று பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. அவர்கள் பார்க்காமல் விட்டது வண்டி சுற்றுகிற சுற்றை. கயா, டகன்ஸோ என்ற இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் சந்திப்பைக் கடந்த வண்டிகளை எண்ணாமல், போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பயணங்களை எண்ணினார்கள். இருவழித் தெருக்களில் எதிர்வண்டியை வெட்டும் திருப்பத்தைத் தடுத்துவிட்டால், அந்த ஊர் ஒன்வே ஊரைவிட அதிகப் பயணங்களைத் தாங்கும் என்று வந்தது. ஒன்வேயில் சுற்றி வருகிற வண்டி ஒரே பயணத்துக்கு மூன்று சந்திப்பைத் தின்கிறது, காரணம் அவ்வளவுதான்.

இதைக் கணக்கில்லாமலே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் லீ பஜார் பக்கம் குட்டியானை ஓட்டும் ஒருவர். வெல்ல மூட்டை ஏற்றியிருந்தார். இறக்கவேண்டிய கடை கண்ணுக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. ஒன்வே என்பதால் சுற்றித்தான் போகவேண்டும். "சார், நீங்க இங்க ஒரு தடவை எண்றீங்க, அந்த முக்குல ஒரு தடவை எண்றீங்க, மறுபடி இங்க வந்தா இன்னொரு தடவை எண்ணுவீங்க. மூணு வண்டின்னு எழுதிக்குவீங்க. நான் ஒரே ஆளு" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் தாள்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது.

அந்தத் தாளைப் பற்றி இன்னொன்று. காலையிலிருந்து ராத்திரி வரை கால் மணிக்கு ஒரு வரி. டூவீலர், ஆட்டோ, கார், பஸ், லாரி, சைக்கிள், மாட்டுவண்டி என்று கட்டங்கள். எந்த வேலைக்கும் எங்களுக்குக் கொடுக்கும் தாளில் எதிர்த்திசையில் வருகிற வண்டிக்குக் கட்டமே இருக்காது. ஒன்வே ஆயிற்றே, அப்படி ஒரு வண்டி வராது என்பது தாளின் நம்பிக்கை. ஓரத்து வெற்றிடத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் ஓரம் நிரம்பி, தாளின் பின்பக்கம் போய்விட்டோம். அந்தத் தெரு பலகையில்தான் ஒன்வே. டூவீலர்காரர்கள் என்றைக்கோ அதை இருவழியாக்கிவிட்டார்கள், ஆனால் ஓரமாக, பயந்துகொண்டு, ஹெட்லைட்டை மினுக்கிக்கொண்டு. அதனால்தான் 'இருவழியாக்கினால் விபத்து கூடும்' என்று யாராவது சொன்னால் எனக்கு முழுதாக நம்பிக்கை வருவதில்லை. ஒன்வேயில் ரோட்டைக் கடப்பவர் ஒரு பக்கம்தான் பார்க்கிறார். இடிப்பது மறுபக்கம் வருகிற வண்டி.

அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊரில் 2011-ல் புரூக், ஃபர்ஸ்ட் என்ற இரண்டு தெருக்களை ஒன்வேயிலிருந்து இருவழிக்கு மாற்றினார்கள். வண்டிகளின் எண்ணிக்கை கூடியும், மோதல்கள் முதலாவதில் 36 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதமும் குறைந்தன. எதிரே வண்டி வருகிறது என்றால் கால் தானாக ஆக்சிலேட்டரை விடும். அங்கே ரயில் கிடையாது, தெருக்களும் நம்மைவிட அகலம், அதனால் அந்த எண்களை அப்படியே சேலத்தில் ஒட்டிவிடக் கூடாது. திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ரயில் சேரும்போது வலது திருப்பம் இன்னும் மோசமாகிறது. தண்டவாளம் ரோட்டின் நடுவில் போகிறது. வலது பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டியைத்தான் பார்க்கிறார். தனக்குப் பின்னால் அதே திசையில் சத்தமில்லாமல் வரும் ரயிலைப் பார்ப்பதில்லை. தெருவில் ஓடும் லைட் ரயில் உள்ள ஊர்களில் வழக்கமாக நடக்கும் மோதல் இதுதான். ஆகவே தண்டவாளத்தைக் கடந்து திரும்ப சில இடங்களில் மட்டும், தனி சிக்னலோடு விடுவார்கள். மற்ற இடங்களில் நேரே போய் யு டர்ன் போடவேண்டும், அல்லது மூன்று இடது போட்டு வரவேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. டிராஃபிக் போலீஸ் பேரிகார்டைக் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டு "யு டர்ன் போட்டு வா" என்று கை காட்டுவது நாம் தினமும் பார்ப்பதுதானே.

சரி, சேலத்தின் அகலக் கணக்குக்கு வருவோம். போகவர இரண்டு தடத்துக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேண்டும். ஒரு பக்கத்து நடைபாதைக்கு, நம் நாட்டில் ரோட்டுக்கு விதிமுறை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 3.6. வண்டி போகும் ஒரு லேனுக்கு 3.5. அறுபதடி ரோடு என்றால் 18 மீட்டர் சொச்சம். நடைபாதையும் தண்டவாளமும் போக மிச்சம் ஏறக்குறைய ஏழரை மீட்டர். திசைக்கு ஒரு லேன், அவ்வளவே. கார் நிறுத்த இடம் கிடையாது, ரயில் நிற்கும் மேடை வரும் இடத்தில் அந்த லேனையும் கிள்ளவேண்டும். நாற்பதடித் தெரு என்றால் 12 மீட்டர். தண்டவாளமும் நடைபாதையும் போட்டால் மிச்சம் ஒன்றரை மீட்டர், ஒரு ஆட்டோ நுழையும். ஆகவே நாற்பதடித் தெருவில் தண்டவாளம் போட்டால் அது ரயிலும் மனிதரும் மட்டும் போகும் தெரு. உலகத்தில் நிறைய ஊர்க் கடைவீதிகளில் அப்படி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. லாரியில் சரக்கு இறங்கும் கடைவீதியில் இருக்காது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் மத்திய அரசு சிறிய நகரங்களுக்கென்று 2019-ல் வெளியிட்ட மெட்ரோலைட் என்ற லைட் ரயில் விதிமுறையில், தரையில் ஓடும் தண்டவாளத்துக்குத் தனிப்பாதை வேண்டும், இரு பக்கமும் வேலி போடலாம் என்று இருக்கிறது. மூன்று பெட்டி வண்டி, சுமார் 300 பேர். வண்டி நல்ல வண்டி. ஆனால் வேலி? கடைவீதியில் இந்தப் பக்கம் ஜவுளி எடுத்துவிட்டு அந்தப் பக்கம் பாத்திரக்கடைக்குப் போகிறவருக்கு நடுவே இரும்பு வேலி என்றால், அது அந்தத் தெருவை இரண்டாகக் கிழிப்பதற்குச் சமம். வேலி போடவேண்டும் என்றால் தண்டவாளத்தை அகலமான ரோடுகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அகலமான ரோடுகளிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஐந்து ரோடு என்ற சந்திப்பை மையமாக வைத்துக் கட்டிய ஈரடுக்கு மேம்பாலம் 2020-ல் திறந்தது. குரங்குச்சாவடி பக்கமிருந்து அண்ணா பூங்கா வரை ஒரு கை, ஏ.வி.ஆர். ரவுண்டானாவிலிருந்து இன்னொரு கை, மொத்தம் ஏழு கிலோமீட்டருக்கு மேல். ரோட்டின் நடுவில் ரயில் போகவேண்டிய இடத்தில் அதன் தூண்கள் நிற்கின்றன. இனி அந்த வழியில் தண்டவாளம் என்றால் தூணின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடவேண்டும், அல்லது மேம்பாலத்துக்கும் மேலே போகவேண்டும். இரண்டுமே தலைவலி.

ஒன்று சொல்கிறேன், சிலர் கோபப்படுவார்கள். சேலத்தின் நடுவே ஏற்கெனவே ஒரு தண்டவாளம் இருக்கிறது. ஜங்ஷனிலிருந்து செவ்வாய்ப்பேட்டையில் உள்ள மார்க்கெட் ஸ்டேஷன், டவுன் ஸ்டேஷன், அயோத்தியாப்பட்டணம் வழியாக விருத்தாசலம் போகும் பாதை. கடைவீதியைத் தொட்டுக்கொண்டு போகிற இந்தப் பாதையில் ஓடும் பயணி ரயில்கள் கொஞ்சம்தான். முள்ளுவாடி கேட்டில் கேட் போட்டு நின்று சபித்த தலைமுறை நாங்கள், அதனால் அதைத் தொல்லையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சேலத்துக்கு லைட் ரயில் வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தப் பாதையில் அரை மணிக்கு ஒரு குட்டி ரயில் விட முடியுமா என்று கேட்கவேண்டும். ஒரு தெருவின் ஒன்வேயையும் தொடவேண்டாம்.

அதே மாதிரி, இருவழியாக்குவதற்கு ரயிலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சேலம், திருச்சி, திருநெல்வேலி மூன்றுக்கும் சாத்தியக்கூறு ஆய்வு வரை பேச்சு போயிருக்கிறது, சேலத்தில் தோண்டும் வேலை தொடங்கவில்லை. அதற்கு முன்பே, அகலமான ஒன்வேக்களில் பஸ்ஸுக்கு மட்டும் எதிர்த்திசையில் ஒரு லேன் விட்டுப் பார்க்கலாம். பூக்கூடை அம்மாவின் பிரச்சினை அதிலேயே தீரும். ஆனால் பாதிக் கிணறு தாண்டக் கூடாது. கொல்கத்தாவில் பல ரோடுகளில் ஒன்வேயின் திசை மத்தியானத்தில் மாறும். காலையில் ஒரு திசை, மதியத்துக்குமேல் எதிர்த்திசை. டிராம் மட்டும் இரு திசையிலும் ஓடியது. எதிரே பாயும் வண்டிகளுக்கு நடுவில் ரோட்டின் மத்தியில் இறங்கி, ஜனங்கள் ஓரத்துக்கு ஓடவேண்டியிருந்தது. வழியை மாற்றினார்கள், இறங்க மேடை கட்டவில்லை.

நேர வரிசையும் முக்கியம். ரயில் வேலைக்குத் தெருவைத் தோண்டுவதற்கு முன்பே பக்கத்துத் தெருவை இருவழியாக்கி, ஜனங்கள் பழகியிருக்கவேண்டும். சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கத்துக்காக ஒன்வே ஆக்கிய பகுதி மறுபடி இருவழியாக வருடக்கணக்கில் ஆனது. தற்காலிகம் என்று பெயர்.

சேலத்துக்கு இருவழி வேண்டும் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் உண்டு. வெளியூர் ஆட்களுக்கு இது தோன்றாது. ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு கம்பம் நட்டு பந்தல். அந்த வாரங்களில் ஏதாவது ஒரு தெரு அடைபடாத நாளே கிடையாது. ஒன்வே ஜோடியில் ஒன்று அடைபட்டால் அந்தத் திசையே ஊரில் இல்லாமல் போகிறது. ஜி.எச்.சுக்கு வரும் ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் சைரனை அலறவிட்டு நுழைய வேண்டியதுதான். பக்கத்துத் தெரு இருவழியாக இருந்தால் நெரிசலோடாவது போய்ச்சேரலாம்.

கடைசியாகப் பெரியப்பாவின் பட்டறை. செவ்வாய்ப்பேட்டையின் உள்தெருக்களில் தண்டவாளமும் வராது, அவற்றை இருவழியாக்கவும் கூடாது. குறுகிய தெருவுக்கு ஒன்வேதான் மரியாதை. எதிரெதிரே இரண்டு குட்டியானை சிக்கினால் பின்னுக்கு எடுக்கவே ஒரு பஞ்சாயத்து வேண்டும். அவர் கவலைப்படவேண்டியது, பக்கத்துப் பெரிய ரோட்டில் வலது திருப்பம் அடைபட்டால் வெள்ளிக்கட்டி கொண்டுவரும் ஆளும் கொலுசு வாங்க வரும் வியாபாரியும் எந்த முனையில் யு டர்ன் போட்டு வருவார்கள் என்பது. திட்ட வரைபடம் என்று ஒன்று வெளியே வரும் நாளில், தண்டவாளக் கோட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த யு டர்ன் இடங்களைப் பாருங்கள். ஆட்சேபம் எழுதவேண்டியது அதற்குத்தான்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பட்டறைத் தெருவும் அது போய்ச் சேரும் பெரிய ரோடும் எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் வண்டி இருக்காது. கடைப்படியிலிருந்து அளக்காதீர்கள், இந்தப் பக்கத்துச் சாக்கடைச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சாக்கடைச் சுவர் வரை அளங்கள். படிக்கட்டெல்லாம் ரோட்டு மேல்தான் உட்கார்ந்திருக்கும்.